டிரைவர் பக்கத்து சீட்

நித்யா,

ஞாயிற்றுக்கிழமை எஸ்.யூ.வி. பார்க்கப் போகிறோம், நீயும் வாம்மா என்று நேற்று போனில் கூப்பிட்டாய். பிக்அப்பை விற்றுவிட்டு, பாப்பாவோடு எல்லோரும் ஒன்றாகப் போகிற மாதிரி ஒரு வண்டி எடுக்கலாம் என்று ஜானும் நீயும் பேசி வைத்திருப்பதாகச் சொன்னாய். "நீ அன்னிக்கே ஆசைப்பட்டதுதானேம்மா" என்றாய். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். நேரில் சொல்லலாமென்றால், பாதியில் எனக்குக் கோபம் வரும், உனக்குச் சிரிப்பு வரும், அதற்குள் பாப்பா அழ ஆரம்பித்துவிடும். அதனால் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி. உன் மாமியாருக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் கடைசி வரைக்கும் படித்துக் காட்டு. பாதியில் நிறுத்தினால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவார்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் மாமியாரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. நாலு பேரிடம் குறை சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். எஸ்தர் அம்மாவைப் பற்றி எனக்குக் கிடைத்த குறையெல்லாம், சத்தமாகச் சிரிப்பார்கள், டீயில் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள், அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? நீ ஜானைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றபோது, வேறு மதம் என்பதால்தான் நான் தயங்குகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். அதுவும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தடவை அகரம்தென்னில் அவர்கள் வீட்டுக்குப் போனோமே, அன்றைக்கு அவர்கள் உன் கையைப் பிடித்து சமையலறைக்குக் கூட்டிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தால், நீ தரையில் உட்கார்ந்து அவர்களோடு பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாய். நம் வீட்டில் நீ பூண்டு உரித்து நான் பார்த்ததே இல்லை. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது.

அப்புறம் நீ வேலையை விட்டாய். நீயும் ஜானும் இருந்த மேடவாக்கம் ஃபிளாட்டிலிருந்து தினமும் ஓ.எம்.ஆர். ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தவள், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் செடி வளர்க்கப் போகிறேன், ஆபீசுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் தொட்டிச்செடி வாடகைக்கு விடப்போகிறேன் என்று வந்து நின்றாய். நான் பி.எஃப். பற்றியும் இன்சூரன்ஸ் பற்றியும் பேசினேன். இத்தனை வருஷம் ஆபீசில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன பேசத் தெரியும்? உன் மாமியார் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஷூ தைத்துக்கொண்டிருந்து, கண் மங்கியதும் வீட்டோடு இருந்தவர்கள். அவர்களுக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. உனக்கும்தான் அப்போது தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து முதல் வருஷம் பாதிச் செடியைத் தண்ணீர் ஊற்றியே சாகடித்தீர்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் போனால் இரண்டு பேர் நகத்திலும் ஒரே மண். எனக்கும் ஒரு மண்வெட்டி கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "புடவை அழுக்காயிடும்" என்று சொல்லி நாற்காலி போடச் சொன்னேன். நீங்கள் வேலை செய்தீர்கள், நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். இன்றைக்கு நினைத்தால், அந்த நாற்காலியை நானேதான் கேட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

வாடகை லோடு வண்டிகள் சொன்ன நேரத்துக்கு வராமல் உன்னைப் பேஜார் பண்ணிய பிறகு, சொந்தமாக ஒரு வண்டி வாங்குவது என்று முடிவானது. ஒன்றுதான் வாங்க முடியும். ஜான் பழைய பிக்அப் ஒன்று பார்த்து வைத்திருந்தார். நான் எஸ்.யூ.வி. என்றேன். பின் சீட்டை மடக்கினால் செடியும் ஏற்றலாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகவும் போகலாம், என் பணத்திலிருந்து ஒரு பங்கு தருகிறேன் என்றேன். உன் நல்லதுக்கு என்றுதான் சொன்னேன். ஆனால் என் மனசில் ஓடிய படம் வேறு. நம் தெருவில் மூன்றாவது வீட்டு வசந்தாவை அவள் பிள்ளை உயரமான வெள்ளை வண்டியில் முன் சீட்டில் உட்காரவைத்து கோயிலுக்குக் கூட்டிப் போவான். அவள் ஏறும்போது தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் பெண் ஓட்ட, நானும் அப்படி ஏற வேண்டும். இவ்வளவுதான் என் எஸ்.யூ.வி. ஆசை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். ஆனால் நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். காலையில் ஜி.எஸ்.டி. ரோடு ஷோரூமுக்குப் போனோம். ஏ.சி., கண்ணாடி மேஜை, காபி. விற்கிற பையன் என்னை மேடம் மேடம் என்று நடு சீட்டில் உட்காரவைத்து, கூரையைத் திறந்து வானத்தைக் காட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ பின் கதவைத் திறந்து, சீட்டை மடக்கச் சொல்லி, கையை நீட்டி உயரம் பார்த்தாய். பாக்கு மரச் செடி நிற்காது, படுக்கவைத்தால் இலை உடையும் என்றாய். உன் மாமியார் கீழே குனிந்து தரை விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பையனிடம், "இதுல மண்ணு கொட்னா எப்டிப்பா கழுவறது?" என்று கேட்டார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தீர்கள். நான் அந்தத் திறந்த கூரைக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பெருங்களத்தூரில் பிக்அப். தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டுவிட்டு விற்கிறார் என்றார்கள். ஏழெட்டு வருஷப் பழசு, பக்கத்தில் ஒரு நசுங்கல், டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட். ஓட்டிப் பாருங்கள் என்று அவர் சாவியைக் கொடுத்தார். ஜான் அவரோடு பேப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஏறி உட்கார்ந்து, இஞ்சினைப் போட்டு, தலையை வெளியே நீட்டி "அம்மா" என்று கூப்பிட்டாய். எனக்கு அந்த வண்டி பிடிக்கவில்லைதான். ஆனாலும் நீ கூப்பிட்டதும் கால் தானாக ஒரு எட்டு வைத்துவிட்டது. "அம்மா, ஏறுங்க" என்றாய். என்னை நீ 'ஏறு' என்றுதானே சொல்லுவாய்? அந்த 'ங்க' காதில் விழுந்த பிறகுதான், நீ கூப்பிட்டது என்னை இல்லை என்று புரிந்தது. ஆன்ட்டி என்று ஆரம்பித்து, அத்தையாகி, எப்போது அம்மா ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். நான் எட்டு வைத்த காலை, செருப்பில் ஏதோ குத்திவிட்ட மாதிரி குனிந்து பார்த்துச் சமாளித்தேன். நீங்கள் தெருக்கோடி போய்த் திரும்பி வருகிற வரைக்கும் குனிந்தேதான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்.யூ.வி. என்றால் என் பங்கு உண்டு, லோடு வண்டி என்றால் ஒரு பைசா கிடையாது என்று சொன்னேன். நீ சரிம்மா என்று மட்டும் சொன்னாய். சண்டை போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். கடன் போட்டு பிக்அப்பை எடுத்தீர்கள். அவர்கள் சர்ச் ஃபாதர் வந்து ஜெபம் செய்தார், நீ எலுமிச்சம்பழமும் வைத்தாய் என்று கேள்விப்பட்டேன். முட்டி வலி என்று நான் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் சேலையூர் கேம்ப் ரோட்டில் காய்கறிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது உன் வண்டி என்னைத் தாண்டிப் போனது. பின்னால் முழுக்கச் செடி ஆடிக்கொண்டு போகிறது. இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. நீ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்கள் உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ அவ்வளவு நீளமாக என்னிடம் எதையாவது சொல்லி எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தேன். கடைக்காரர் சில்லறையை நீட்டியபடி இரண்டு தடவை அக்கா அக்கா என்று கூப்பிட்டார். வெண்டைக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் நீ உண்டாகி, ஐந்து மாதம் ஆனபோதுதான் அந்தப் போன் வந்தது. உன் மாமியாருக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, ஜானுக்கு ஆபீசில் லீவு இல்லை, மேடவாக்கம் தாண்டி ஒரு மண்டபத்துக்குச் செடி போக வேண்டும், ஏற்றி இறக்க ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பைக்கில் பின்னால் வருவார்கள், நீ கூட மட்டும் வரியாம்மா என்று கேட்டாய். ஐந்து மாத வயிற்றோடு லோடு வண்டி ஓட்டுகிறாயே என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, வரேன் என்பது. அவர்களுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நல்ல மனுஷி படுக்கையில் கிடக்கிறாள், நான் புடவை மாற்றிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தேன்.

ஏறுவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நீ மேலேயிருந்து கையைக் கொடுத்து இழுத்தாய். உள்ளே ஈரமண் வாசனை. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. வேங்கைவாசல் தாண்டியதும் ஒரு ஆட்டோக்காரர் குறுக்கே வந்தார். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டு, "இன்னாண்ணா, வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று கேட்டாய். நான் பெற்ற பெண்ணா என்று பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வழி விட்டார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு. மேடவாக்கம் நெருங்கும்போது எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அடியிலிருந்து சொட்டிக்கொண்டே நின்றது. அங்கேதான் நீ சொன்னாய். குரலைக் கூட மாற்றவில்லை. "அம்மா, இது ரெண்டாவது. போன வருஷம் ஒண்ணு தங்கல."

நான் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னாய். மழைக்காலத்தில், செடி நர்சரியில் நின்றுகொண்டிருந்தபோது வலி ஆரம்பித்ததாம். உன் மாமியார் இதே சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் உன் தோளைப் பிடித்துக்கொள்ள, ஜான் ஆபீசிலிருந்து வருகிற வரைக்கும் காத்திருக்காமல் நீயே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாயாம். எனக்கு அந்த வாரம் நினைவுக்கு வந்தது. வயிற்றுக் கோளாறு, வெளியில் ஏதோ சாப்பிட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னாய். நான் தயிர்சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தேன். உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ட கடையிலும் சாப்பிடாதே, உனக்கு எத்தனை தடவை சொல்வது என்று திட்டினேன். நீ அந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டு தயிர்சாதத்தையும் சாப்பிட்டாய். உன் மாமியார் வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய். "உன்கிட்ட சொன்னா இந்த வண்டியாலதான்னு சொல்லுவ. வண்டியால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." உண்மைதான். அந்த நிமிஷம் கூட, பழைய வண்டி, தூக்கித் தூக்கிப் போடுகிறது, அப்போதே சொன்னேனே என்பது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதை விழுங்கிவிட்டு நான் கேட்ட கேள்வி அதைவிட மோசம். பிள்ளை தங்காமல் போன பெண்ணிடம் ஒரு தாய் கேட்கிற கேள்வியா அது? "அவங்க அழுதாங்களா?" என்று கேட்டேன். என்னைவிட அவர்கள் எதில் உசத்தி என்று அப்போதும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நீ கியரில் கையை வைத்துக்கொண்டே சொன்னாய். "அழுதாங்க. அவங்க அழுதா நானும் கூட அழலாம்மா. நீ அழுதா நான் நிறுத்தணும்."

உன் அப்பா போன அன்றைக்கு நீ காலேஜ் இரண்டாம் வருஷம். நான் சுருண்டு விழுந்து கிடந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் நீதான் காபி போட்டாய், நாற்காலிக்குச் சொல்லி அனுப்பினாய், ஐயருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தாய், நடுநடுவே ஓடிவந்து என் முகத்தைத் துடைத்தாய். உன் முகத்தை யார் துடைத்தார்கள் என்று நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட நினைத்துப் பார்க்கவில்லை. எவ்வளவு தைரியமான பெண் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உனக்கு இப்போது ஒரு பெண் இருக்கிறாள். நாளைக்கு அவளைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால், கொஞ்சம் கிட்டே போய்ப் பார். அவள் அழ முடியாமல் நிற்கிறாளா என்று பார். எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. என் அழுகை அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வந்த அழுகையை அப்படியே அழுத்திக்கொண்டு, "வழி விட்டுட்டான், எடு" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நீ வண்டியை எடுத்தாய். கொஞ்ச தூரம் போனதும் நீ அழ ஆரம்பித்தாய். ஓட்டிக்கொண்டே, சத்தமில்லாமல், புறங்கையால் துடைத்துக்கொண்டே. நான் அழவில்லை. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபம் வருகிற வரைக்கும் நீ நிறுத்தவில்லை. நீ பிறந்ததிலிருந்து நான் உனக்குச் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுததை விடு. அதில் பாதி உன் பிள்ளைக்காக, பாதி எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்ததே என்பதற்காக. அப்போது எதற்காக எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் பாப்பா நல்லபடியாகப் பிறந்தாள். முறைப்படி நம் வீட்டில்தான் இருந்தாய். இந்த மூன்று மாதம் என் பெண் எனக்கு முழுசாகக் கிடைப்பாள் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா? நீ தூங்கினால் பாப்பா முழித்திருப்பாள், பாப்பா தூங்கினால் நீ தூங்குவாய். நான் குளிப்பாட்டினேன், துணி துவைத்தேன், பத்தியம் சமைத்தேன். உன் மாமியார் தினமும் பஸ் மாறி வந்து, கறிவேப்பிலைக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு கீர்த்தனையை ராகமில்லாமல் பாடுவார்கள். பாப்பா அவர்கள் மடியில்தான் சீக்கிரம் தூங்கினாள், அதையும் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பாப்பா தூங்கின பிறகு, நாம் இரண்டு பேரும் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னம்மா என்றாய். ஒன்றுமில்லை என்றேன். எதிரெதிரே உட்கார்ந்தால் நமக்குப் பேச வரவில்லை. போன வாரம் ஜான் வந்து உங்களைக் கூட்டிப் போனார். வீடு முழுக்கப் பால் வாசனை. நான் ஜன்னலைத் திறந்து வைக்கவில்லை.

இப்போது எஸ்.யூ.வி.யைப் பற்றிச் சொல்கிறேன். அதில் யார் எங்கே உட்காருவார்கள் என்று நேற்று நீ போனை வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஜான் ஓட்டுவார், நீ அவர் பக்கத்தில். இல்லையென்றால் நீ ஓட்டுவாய், ஜான் பக்கத்தில். பின்னால் நானும் உன் மாமியாரும், நடுவில் பாப்பா. எனக்குத் தெரிவது உன் பின்கழுத்து. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வருவாய். தாம்பரம் வரைக்கும் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குக் காற்றுதான் கேட்கும். என்ன, என்ன என்று கேட்பேன். வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் என்பார் அப்பா. வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருக்கும். அந்த மாதிரி இன்னொரு தடவை பின்னால் உட்கார எனக்கு இஷ்டமில்லை. சீட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி.

அதனால் நான் சொல்கிறேன், பிக்அப்பை விற்காதே. இதை நான் சொல்கிறேன் என்று ஜானிடம் சொன்னால் அவர் நம்ப மாட்டார், பரவாயில்லை. செடிக்கு அந்த வண்டிதான் சரி, ஷோரூமில் நீ கையை நீட்டிப் பார்த்த அன்றைக்கே அது உனக்குத் தெரியும். இப்போது நீ மனசை மாற்றிக்கொண்டது பாப்பாவுக்காக என்கிறாய். பாப்பா செடி வண்டியில் வர வேண்டியதில்லை, வரவும் கூடாது. சேர்ந்து எங்காவது போக வேண்டுமென்றால் வாடகைக் கார் சொல்லிக்கொள்ளலாம். உனக்கே ஒருநாள் எஸ்.யூ.வி. ஓட்ட ஆசை வந்தால் தாராளமாக வாங்கு, என் பங்கை அன்றைக்கு எந்தப் பேச்சும் இல்லாமல் தருகிறேன். ஆனால் அம்மா எப்போதோ ஆசைப்பட்டாள் என்பதற்காக வாங்காதே. அந்த ஆசை வசந்தாவைப் பார்த்து வந்தது. என்னுடையது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

நீ திரும்ப நர்சரி வேலைக்குப் போகும்போது பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எப்படியும் வரும். உன் மாமியார் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் விடமாட்டேன் என்று நினைத்துப் பயந்துகொண்டிருப்பார்கள். போன மாதம் ஒருநாள் பாப்பாவை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது, "நீங்க ரிட்டையர் ஆய்ட்டீங்க சம்மந்திம்மா, புள்ளய நீங்களே வச்சிக்குவீங்க" என்று சொல்லி, சிரிக்காமல் நின்றார்கள். அவர்களுக்கும் வலிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவர்களிடம் சொல்லிவிடு. பாப்பாவை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மடியில் போட்டுக்கொண்டு, ராகமில்லாமல் பாடிக்கொண்டிருக்கட்டும். அவள் முதல் தடவை குப்புற விழுவதையும், நடப்பதையும் அவர்களே முதலில் பார்க்கட்டும். ஊரில் இரண்டு பாட்டிகளும் பேத்திக்காக அடித்துக்கொள்வார்கள், இந்த அம்மா மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறாள் என்று நாலு பேர் கேட்பார்கள். என் மனசு பெரிசு என்று கூட உன் மாமியார் நினைத்துக்கொள்வார்கள். பெரிசெல்லாம் இல்லை. பேத்தி எனக்கு உயிர்தான். ஆனால் பேத்தியை எனக்குக் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்து சீட்டை அவர்களுக்குக் கொடுத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு என் பெண் வேண்டும். நீ லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிற அன்றைக்கெல்லாம் காலையில் நான் தெருமுனையில் வந்து நிற்கிறேன். நீ பேசாமல் வந்தாலும் சரி, திட்டிக்கொண்டு வந்தாலும் சரி, அழுதாலும் சரி. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா